ஆலை வாசலும் அந்நிய விருந்தும்

ஒரு நகரத்து மாந்தர் எந்தெந்த தேசத்து உணவை வெளியே சென்று உண்கிறார்கள் என்பது நாவின் விருப்பத்தால் மட்டும் நிர்ணயமாகிற விஷயம் அன்று. எந்தத் துறைமுகத்தில் எவருடைய கப்பல் நின்றது, எந்த நிலத்தில் எவருடைய ஆலை எழுந்தது, எந்த உத்தியோகத்தின் நிமித்தம் எவர் குடும்பத்தை விட்டு வந்து நெடுநாள் தங்கினார் என்பன போன்ற காரணங்களே அதனை முதலில் நிர்ணயிக்கின்றன. நாவின் விருப்பம் பின்னால் வந்து சேர்கிறது. சென்னையில் இன்று வசதியுள்ள குடும்பங்கள் ஒரு மாலை ஜப்பானிய உணவகத்துக்கும் மற்றொரு மாலை பிரெஞ்சு முறையில் சமைக்கும் உணவகத்துக்கும் சென்று வருவது சகஜமாகிவிட்டது. இவ்வழக்கத்தின் பூர்வோத்தரத்தை விசாரிக்கப் புகுவோர் நுங்கம்பாக்கத்திலும் ஆழ்வார்பேட்டையிலும் உள்ள போஜனசாலைகளோடு நின்றுவிடலாகாது. நகரத்துக்கு வடக்கேயும் மேற்கேயும் முப்பது நாற்பது கல் தொலைவில் பரந்து கிடக்கும் திருவள்ளூர், பொன்னேரி, பழவேற்காடு, கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்களுக்கும் அவர்கள் சென்று பார்த்தல் வேண்டும்.

விருந்தோம்பல் என்பது அந்தப் பிரதேசத்துக்குப் புதிதன்று. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலின் தலபுராணம், சாலிஹோத்திரர் என்னும் முனிவர் ஓராண்டுக் காலம் உபவாசமிருந்து, பின்பு அரிசி மாவால் சமைத்த உணவை அதிதி ஒருவருக்குப் படைத்து உண்பதற்காகக் காத்திருந்தபோது, முதியவர் வடிவில் வந்த பகவான் தம் பங்கையும் உண்டு, பசி தீராமல் முனிவரின் பங்கையும் கேட்டு வாங்கி உண்டு, அதன்பின் தாம் படுத்து இளைப்பாற இடம் எது என்று வினவியதாகக் கூறும். தூரதேசத்திலிருந்து வருகிறவனுக்கு முதலில் உணவும் அடுத்துப் படுக்கையுமே வேண்டும் என்பதைப் பௌராணிகர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஆயினும் பழைய விருந்து, இல்லத்திலும் சத்திரத்திலும் நடந்த விருந்து; விலை கொடுத்து அந்நியர் சமைத்ததை உண்பது ஆசாரமுள்ளவர்களுக்கு நெடுங்காலம் விலக்காகவே இருந்தது.

கீழ்த்திசைத் தொடர்பைக் கேட்டால் பழவேற்காடு பதில் சொல்லும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே பண்டகசாலை அமைத்து, 1613-ஆம் ஆண்டில் ஹெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டி, 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் அங்கிருந்தே நிர்வகித்தார்கள். அதே கம்பெனியார் 1609-இல் ஜப்பானின் ஹிராடோ தீவிலும் பண்டகசாலை வைத்தனர். 1641 முதல் நாகசாகித் துறைமுகத்தில் தேஜிமா என்னும் சிறு தீவுக்குள் ஒடுங்கியிருந்து, ஏனைய ஐரோப்பியர் எவருக்கும் கிட்டாத ஜப்பானிய வியாபாரத்தை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தம் வசம் வைத்திருந்தனர். ஜப்பானியச் சுரங்கங்களின் செம்பு இக்கரைக்கு வந்தது. இக்கரை நெசவாளர்களின் கோடிட்ட பருத்தித் துணியும் சாயமெழுதிய சித்திரத் துணியும் ஜப்பானுக்குச் சென்றன. அத்துணிகள் அங்கே அருமை கருதிப் போற்றப்பட்டுத் தேநீர்ச் சடங்குக்குரிய சிமிழ்களைப் பொதிந்து வைக்கும் பைகளாகவும் தைக்கப்பட்டன. ஜப்பானியரின் மிக நுட்பமான விருந்துச் சடங்கில் சோழமண்டலத்துத் துணிக்கு ஓரிடம் கிடைத்தது. எனினும் ஜப்பானியர் எவரும் பழவேற்காட்டுக்கு வந்து சமைத்துக் காட்டியதாகத் தெரியவில்லை. தன் பிரஜைகள் கடல் கடந்து செல்வதையே அத்தேசம் அப்போது தடை செய்திருந்தது.

பிரெஞ்சுக்காரர்களின் கதை வேறு. அவர்கள் நேரில் வந்தார்கள், யுத்தத்தோடு வந்தார்கள். 1672 முதல் 1674 வரை சாந்தோமைப் பிடித்து வைத்திருந்து இழந்தார்கள்; பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் காலூன்றி அதனை நகரமாக வளர்த்தார்; 1746-இல் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லபூர்தொனே சென்னைக் கோட்டையையே கைப்பற்றினார்; 1749-இல் உடன்படிக்கையின்படி அது ஆங்கிலேயரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்துப் புதுச்சேரியின் விருந்துகளையும் பீரங்கி மரியாதைகளையும் பிரெஞ்சுக்காரரின் துபாஷியாகிய ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1954-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்து, 1962-இல் சட்டப்படி இணைப்பு நிறைவேறிய பின்பும், அவ்வூரின் ரொட்டிக் கிடங்குகளும் கடற்கரையை ஒட்டிய வீதிகளின் உணவகங்களும் அந்த மரபின் சாயலை இழந்துவிடவில்லை. இன்றும் தமிழ்நாட்டார் பலர் பிரெஞ்சு உணவை முதன்முதலில் ருசிப்பது புதுச்சேரிக்கு விடுமுறைப் பிரயாணம் செல்லும்போதுதான்.

சென்னையிலோ, பிரெஞ்சுச் சமையலின் கீர்த்தியை விலைக்கு விற்ற முன்னோடிகளுள் ஒருவர் கார்சிகா தீவைச் சேர்ந்த ஜியாகோமோ தாஞ்செலிஸ் என்பவர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மவுண்ட் ரோடில் பிரெஞ்சுப் பெயர் தாங்கிய மிட்டாய்க் கடையொன்றைத் தொடங்கி, துரைமார்களின் விருந்துகளுக்கு உணவு சமைத்தளிக்கும் ஒப்பந்தங்களைப் பெற்று, பின்னர் அதே சாலையில் தம் பெயரால் பெரிய ஹோட்டலையும் நிறுவினார். சமையலோடு அவர் ஆர்வம் அடங்கவில்லை. 1910-இல் சென்னையிலேயே விமானம் ஒன்றைக் கட்டுவித்துப் பறக்கவிட்டுக் காட்டினார். அவருக்குப் பின் அந்த ஹோட்டல் போஸோட்டோ என்னும் இத்தாலியப் பெயருடையவர்களின் கைக்கு மாறிற்று. அங்கே உண்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களும் அவர்களோடு நெருங்கிப் பழகிய ஒரு சில சுதேசிகளுமே ஆவர். ஊரின் ஏனைய ஜனங்களுக்கும் அந்த மேஜைக்கும் இடையே விலை மட்டுமல்ல, ஜாதியும் ஆசாரமும் மதிலாக நின்றன.

அந்த மதில் இடிந்த வரலாற்றை விட்டுவிட்டு, வெளியில் உண்ணும் வழக்கத்தின் வரலாற்றைச் சொல்ல இயலாது. 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் திருவள்ளூர் வழியாகவே சென்றது. அந்நூற்றாண்டின் இறுதியில் வடக்கே செல்லும் பாதை அமைந்தபோது கும்மிடிப்பூண்டியும் ரயிலூர் ஆயிற்று. பல ஜாதியாரையும் ஒரே பெட்டியில் நெருக்கி உட்கார வைத்த ரயில், உணவு விஷயத்தில் மட்டும் நெடுங்காலம் தயங்கி நின்றது. நிலையங்களின் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கியிருந்த முறை, பெரியாரின் இயக்கத்தார் இடைவிடாது கண்டித்ததன் பின் 1941-இல்தான் நீங்கிற்று. நகரத்தில் 1930-களிலிருந்து உடுப்பிக்காரர்களின் ஹோட்டல்கள் பெருகி, அயலார் சமைத்ததை அயலாரோடு அமர்ந்து உண்ணும் பழக்கத்தை மத்திய வகுப்பாருக்குக் கற்பித்தன. மிலிடரி ஹோட்டல்கள் மாமிச உணவை அவ்வாறே பொதுவாக்கின. தெருக்கோடிக் கிளப்பில் காபி குடிப்பதற்கே பிராயச்சித்தம் தேடிய குடும்பத்தின் பேரன், பச்சை மீனைச் சோற்றின்மேல் வைத்து உண்ணச் சித்தமாவதற்கு இடையே இத்தனை படிகள் இருந்தன.

இனி, ஜப்பானையும் பிரான்சையும் ஒரே மூச்சில் சொல்வதற்கு என்ன நியாயம் என்று வாசகர் கேட்கக்கூடும். உணவகம் என்னும் ஸ்தாபனத்தை இன்றைய உருவில் உலகுக்கு அளித்தது பாரீஸ் நகரம். தனி மேஜை, அச்சிட்ட உணவுப் பட்டியல், பண்டத்துக்குத் தனித்தனி விலை என்பனவற்றோடு 1782-இல் போவில்லியே அங்கே திறந்த போஜனசாலை மிகவும் பிரசித்தி பெற்றது. 1789-இன் புரட்சிக்குப் பின் பிரபுக்களின் மாளிகைகளை விட்டு வெளியேறிய சமையற்காரர்கள் பலரும் அவ்வழியைப் பின்பற்றினார்கள். ஜப்பானில், இன்றைய டோக்கியோவாகிய எடோ நகரத்தில், 1820-களில் கைப்பிடிச் சோற்றின்மேல் மீன் துண்டத்தை அழுத்தித் தரும் சுஷி, அவசரக்காரர்களின் தெருவோரச் சிற்றுண்டியாகப் பரவியது. மெய்ஜி சக்கரவர்த்தி 1872-இல் மாட்டிறைச்சி உண்டதாகப் பகிரங்கமாக அறிவித்து நெடுநாள் விலக்கைத் தகர்த்தபோது, அரசாங்க விருந்துகளுக்கு அந்நாட்டார் தேர்ந்துகொண்டது பிரெஞ்சுச் சமையலையே. அரண்மனைச் சமையலுக்குத் தலைமை தாங்கிய அகியாமா தோகுஸோ பிரான்சில் பயின்று வந்தவர். பின்னர் 1960-இல் ஒசாகாவில் சமையற்கலைப் பள்ளி நிறுவிய த்ஸுஜி ஷிஸுவோ, போல் பொக்யூஸ் முதலிய பிரெஞ்சு நிபுணர்களை ஜப்பானுக்கு அழைத்தார். வந்தவர்கள் கற்பித்ததோடு நில்லாமல், சிறு சிறு தட்டுகளில் பருவத்துக்கேற்ற பண்டத்தை மிதமாக வைத்தளிக்கும் ஜப்பானிய முறையைக் கண்டு தம் நாட்டுச் சமையலின் கனத்தையும் குறைத்துக்கொண்டார்கள்.

இவ்விரு மரபுகளையும் ஒரே தராசில் வைத்தது ஒரு சக்கர வியாபாரம் என்பது விசித்திரம். மிஷலின் என்னும் பிரெஞ்சு டயர் கம்பெனியார், மோட்டார் வண்டி வைத்திருப்போர் அதிகமாகப் பிரயாணம் செய்தால் டயர் அதிகமாகத் தேயும் என்ற கணக்கில், 1900-இல் வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை இலவசமாக வெளியிட்டனர். 1926-இல் சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் இடும் வழக்கத்தைத் தொடங்கி, 1931-இல் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் வகுத்தனர். ஆசியாவில் அவர்கள் முதலில் மதிப்பிட்ட நகரம் டோக்கியோ. 2007 நவம்பரில் வெளிவந்த அப்புத்தகம் அந்நகரத்துக்கு மொத்தம் 191 நட்சத்திரங்களை வழங்கிப் பாரீஸையே பின்னுக்குத் தள்ளிற்று. அந்த மிஷலின் கம்பெனியார் 2009-இல் தமிழ்நாட்டு அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்து, கனரக வண்டிகளுக்கான டயர்களைச் செய்ய ஆலை அமைத்த இடம் கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகை. பாரீஸின் சமையற்காரர்களும் டோக்கியோவின் சமையற்காரர்களும் எந்தப் பெயரைக் கேட்டால் நடுங்குவார்களோ, அந்தப் பெயர் தாங்கிய பலகை நம் கிராமம் ஒன்றின் எல்லையில் நிற்கிறது.

அப்பலகை எளிதில் நின்றுவிடவும் இல்லை. தமிழ்நாட்டு அரசாங்கத்தின் சிப்காட் நிறுவனம் தொழிற்பேட்டைக்காக எடுத்துக்கொண்ட ஆயிரம் ஏக்கருக்கும் அதிகமான நிலம், கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் ஜீவித்த பொது நிலம். பெரும்பாலும் தலித் மக்களான அவ்வூரார் அதனை எதிர்த்துப் போராடினார்கள். அவர்கள் பொருட்டு 2012-இல் பாரீஸிலுள்ள அரசாங்க அமைப்பு ஒன்றின் முன் முறையீடும் செய்யப்பட்டது. விருந்து மேஜையின் வரலாற்றில் மேய்ச்சல் நிலத்துக்கு என்ன இடம் என்று கேட்பது சரியாகாது. அந்நிய மூலதனம் வரும் வழியாகத்தான் அந்நிய உணவும் வருகிறது.

ஜப்பானிய உணவு வருவதற்கு முன்பே இக்கரையின் பண்டம் ஜப்பானியரின் தட்டுக்குப் போய்விட்டிருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. 1970-களிலும் 80-களிலும் இந்திய இறாலை மிகுதியாக வாங்கியது ஜப்பான். அந்த விலையின் கவர்ச்சியால் 1990-களில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளிலும் டைகர் இறால் பண்ணைகள் முளைத்தன. நெல் வயல்களிலும் குடிநீர்க் கிணறுகளிலும் உப்பேறுவதாக முறையீடுகள் எழுந்தன. 1994-95-இல் கிழக்குக் கரை நெடுகிலும் பரவிய வெண்புள்ளி நோய் பண்ணைக்காரர்கள் பலரைக் கடனாளிகளாக்கிற்று. காந்தியவாதியாகிய சங்கரலிங்கம் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கரையோர இறால் பண்ணைகளைக் கட்டுப்படுத்தித் தீர்ப்பளித்தது. டோக்கியோவில் எண்ணெயில் பொரித்துப் பரிமாறிய இறாலின் விலையில் இக்கரைக் கிராமத்தார் செலுத்திய பங்கு, அங்கே தந்த பில்லில் எழுதப்படவில்லை.

இயந்திரத் தொழிலின் காலம் அதன்பின் வந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1998 முதல் திருவள்ளூர் ஆலையில் ஜப்பானிய மிட்சுபிஷியின் லான்ஸர் காரைத் தயாரித்தார்கள். 2000-த்தில் பிரெஞ்சு ஸான் கோபேன் கம்பெனியின் கண்ணாடி ஆலை ஸ்ரீபெரும்புதூரில் வேலை தொடங்கிற்று. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் திறக்கப்பட்ட ரெனோ–நிஸான் ஆலை பிரெஞ்சுக்காரரையும் ஜப்பானியரையும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்ய வைத்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அங்கே தயாரான சிறு கார்கள் திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்த எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. டச்சுக் கப்பல் துணியேற்றிய பழவேற்காட்டுக்குச் சற்றுத் தெற்கே, முந்நூறு நானூறு ஆண்டு இடைவெளியில், மறுபடியும் ஜப்பானோடு தொடர்புள்ள ஏற்றுமதி நடைபெற்றது. பின்னர் மஹிந்திரா கம்பெனியும் ஜப்பானிய சுமிட்டோமோ கம்பெனியும் கூட்டாகக் கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் தொழிற்பூங்கா அமைத்தன. யான்மார் முதலிய ஜப்பானியக் கம்பெனிகள் அங்கே ஆலை கண்டன. சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்துக்கு ஜப்பானிய உதவியோடு வகுத்த திட்டத்தில் பொன்னேரியும் ஒரு கேந்திரமாகக் குறிக்கப்பட்டது.

இந்த ஆலைகளுக்காக வந்த ஜப்பானிய இன்ஜினீயர்களில் அநேகர் குடும்பத்தோடோ தனியாகவோ சென்னையில் குடியமர்ந்து, விடியற்காலையில் காரேறி ஆலைக்குப் போய் இருட்டியபின் திரும்பி வந்தவர்கள். அவர்களுடைய பசிதான் நகரத்தின் ஜப்பானிய உணவகங்களுக்கு அடித்தளமிட்டது. நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலையில் காவேரி காம்ப்ளெக்ஸ் என்னும் வணிகக் கட்டடத்துக்குள் ஆடம்பரமின்றி நடந்த டாலியா என்னும் போஜனசாலை, சென்னையின் பழைய ஜப்பானிய உணவகங்களுள் பெயர் பெற்றது. பட்டணத்து நாகரிகர்களைக் கவர்வதற்காக ஏற்பட்ட இடமாக அது தோன்றாது. ஊரை விட்டு வந்தவர்கள் தம் ஊர்ச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு வந்து உட்காரும் இடமாகவே தோன்றும். பிற்பாடு வந்தவை பல, நட்சத்திர ஹோட்டல்களுக்குள்ளும் பெரிய அங்காடிகளுக்குள்ளும் இடம்பிடித்து, சுதேசி வாடிக்கைக்காரரையே முக்கியமாக நம்பின.

சுதேசி வாடிக்கைக்காரர் வந்தபோது சமையலும் இறங்கி வந்தது. ஜப்பானியச் சமையலில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரமான சாறு, கடற்பாசியையும், சூரை மீன் இனத்தை வேகவைத்துப் புகையூட்டிக் கல்லாக உலர்த்திச் சீவிய துருவலையும் கொண்டு இறக்குவது. தூத்துக்குடிக்காரருக்கும் ஈழத்தவருக்கும் நன்கு பழகிய மாசிக்கருவாட்டுக்கு அது நெருங்கிய பந்து. மீன் கலந்த சாற்றைத் தொடாத சைவ உணவினருக்காகக் கடற்பாசியும் உலர்ந்த காளானும் மட்டும் சேர்த்த சாறு வேண்டியிருந்தது. பச்சை மீனுக்கு அஞ்சுவோருக்காக வெள்ளரியும் வெண்ணெய்ப் பழமும் வைத்துச் சுருட்டிய சோறு பட்டியலில் ஏறிற்று. பிரெஞ்சுச் சமையல் இத்தனை வேகமாகப் பரவவில்லை. எலும்புச் சாறும் மதுவும் சேர்ந்த குழம்புகள் நம்மவரின் கட்டுப்பாடுகளோடு எளிதில் பொருந்தாதவை. வெண்ணெய் மடித்துச் சுட்ட பிறை வடிவ ரொட்டியும் கேக்கு வகைகளுமே அதன் தூதர்களாக நகரத்துக்குள் நுழைந்து, பேக்கரிகளின் வழியாகப் பிரதிஷ்டை பெற்றன.

இவ்வளவையும் ஏற்படுத்திய தொழிற்பேட்டைக்குள் சென்று பார்த்தால் காட்சி வேறு. கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் உழைப்போரில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய ராஜ்யங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்காக நெடுஞ்சாலையோரத்தில் சப்பாத்தியும் பருப்பும் விற்கும் கடைகள் ஏற்பட்டிருக்கின்றன. அவற்றோடு ஆந்திரக் காரச் சாப்பாடும், மாலைப் புரோட்டாவும், ஷிப்டு மாறும் நேரத்தில் ஆலை வாசலில் கூடையோடு வந்து நிற்கும் இட்லிக்காரியும் அந்த ஊரின் உணவகங்கள். ஜப்பானிய இன்ஜினீயருக்குச் சென்னையில் ஒரு போஜனசாலை தோன்றியது போலவே, பீகார்த் தொழிலாளிக்கு இங்கே ஒரு கடை தோன்றியிருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பிழைப்பை நாடி அந்நிய நிலத்துக்கு வந்தவனுக்குத் தன் வீட்டுச் சோறு வேண்டியிருக்கிறது. முன்னதைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன; பின்னதைப் பற்றி எழுதுவார் இல்லை.

மூலதனத்தின் போக்கு மாறினால் மேஜையின் போக்கும் மாறும். திருவள்ளூரில் மிட்சுபிஷி கார் செய்த காலம் கடந்துவிட்டது. ஒரகடத்து ஆலையில் நிஸானுக்கிருந்த பங்கை ரெனோவே வாங்கிக்கொள்ளும் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. இன்ஜினீயர்கள் திரும்பிச் சென்றபின் உணவகம் நிலைக்குமாயின், அது நகரத்தாரின் சொத்தாகிவிட்டது என்று கொள்ளலாம். நிலைக்காவிடில், வந்தவர்களோடு போன விருந்தாளி என்று கொள்ளவேண்டும். தாஞ்செலிஸின் ஹோட்டல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஜப்பானிய உணவகங்கள், நான் காண்கிற அளவில், முதல் வகையைச் சேரும் நிலைமைக்கு வந்திருக்கின்றன.

ஆகையால் சென்னையின் உணவு வரலாற்றை எழுத முன்வருவோருக்கு ஒரு விண்ணப்பம். உணவகங்களின் அலங்காரத்தையும் பண்டங்களின் ருசியையும் வருணிப்பதோடு அமைந்துவிடாதீர்கள். பழவேற்காட்டுப் பண்டகசாலையின் கணக்குகளையும், எண்ணூர்த் துறைமுகத்தின் ஏற்றுமதிப் பேரேடுகளையும் புரட்டிப் பாருங்கள். தேர்வாய் கண்டிகையின் மேய்ச்சல் நிலத்தை நினைவு வைத்திருக்கும் முதியோரையும், நுங்கம்பாக்கத்தில் ஜப்பானியச் சோறு வடிக்கக் கற்றுக்கொண்ட நம்மூர்ச் சமையற்காரரையும், ஆலை வாசலில் இட்லி விற்கும் பெண்ணையும், அவர்கள் இருக்கும்போதே சந்தித்துக் கேட்டு எழுதி வையுங்கள்.